பழைய லப்டொப்பும் புதிய ரவுட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் பல வருடமாகக் கொம்பியூட்டர் திருத்தும் வேலை செய்கிறேன். வீட்டுக்குப் புது இணைப்பு வந்த மறுநாளே, "பழைய லப்டொப் செத்துப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைப் பேச வந்தேன். அது சாகவில்லை. பெரும்பாலும் சாகவில்லை.

போன வருடம் களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் வந்தார். துணிப்பைக்குள் துவாயால் சுற்றிய லப்டொப். மகன் 2013 இல் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது, விண்டோஸ் 7. மூலையில் கீறல் விழுந்த இடத்தில் பேத்தி ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். அவள் ஏ.எல். படிக்கிறாள், பழைய வினாத்தாள், குறிப்பு எல்லாம் அதற்குள்தான். புது ரவுட்டர் பூட்டிய நாளிலிருந்து நெட் இல்லை. ஒரு கடையில், வைஃபை கார்ட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். "புதுசு வாங்க ஏலாது. இதையே பாத்துத் தாங்க மனே" என்றார்.

என் போனிலிருந்தே வைஃபை கொடுக்கும் ஹொட்ஸ்பொட்டைப் போட்டேன். லப்டொப் உடனே பிடித்தது. அப்படியென்றால் கார்டில் பிழை இல்லை! மறுகா பேத்திக்குக் கோல் எடுத்து, ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்னேன். அதிலுள்ள முகவரியைத் தன் போனில் திறந்து, வைஃபை பாதுகாப்பு என்ற இடத்தில் இருப்பதை வாசித்தாள். டபிள்யூபிஏ3 மட்டும். வைஃபைக்குப் போடும் புதிய பூட்டு அது. அதுதான் விசயம். பக்கத்திலேயே, அதற்கு முந்திய பூட்டான டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் என்று ஒரு தெரிவு இருந்தது. அதைத் தட்டிச் சேமித்தாள். அன்று பின்னேரம் ஏழு மணிக்கு அம்மா கோல் எடுத்தார்: "வந்திட்டு மனே."

இதில் நடந்தது என்ன? வைஃபைக்குப் பூட்டுகள் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. முதல் பூட்டு வெப் (WEP). அது 2001 இலேயே உடைந்துவிட்டது. 2004 இல் டபிள்யூபிஏ2, 2018 இல் டபிள்யூபிஏ3. டபிள்யூபிஏ2 இல், உங்கள் போனும் ரவுட்டரும் பேசத் தொடங்கும்போது ஒழுங்கையில் நிற்கிற ஒருவர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுபோய், வீட்டில் இருந்து இலட்சக்கணக்கான பாஸ்வேர்ட்களைப் போட்டுப் பார்க்கலாம். டபிள்யூபிஏ3 இல் அது முடியாது; ஒவ்வொரு முறையும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேண்டும். நல்ல பூட்டுத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் விண்டோஸ் 7 க்கு அந்தப் பூட்டே தெரியாது. விண்டோஸ் 10 கூட 2019 இல் வந்த பதிப்பில்தான் அதைக் கற்றுக்கொண்டது.

2013 இல் கல்லடியில் புதுப் பாலம் திறந்த பிறகும், 1924 இல் கட்டிய பழைய பாலத்தை நாங்கள் இடிக்கவில்லைதானே. ரவுட்டரில் இரண்டு பூட்டையும் சேர்த்துப் போடுவதும் அப்படித்தான். புதுப் போன் புதியதால் போகும், பழைய லப்டொப் பழையதால் போகும்.

சரி, உங்கள் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கேள்வி: பட்டியலில் உங்கள் வைஃபையின் பெயர் தெரிகிறதா, இல்லையா? பெயர் தெரிந்து, பாஸ்வேர்டும் சரியாக இருந்து, அப்படியும் ஒட்டாவிட்டால் முதலில் பூட்டைப் பாருங்கள். பெயரே தெரியாவிட்டால் அலைவரிசையைப் பாருங்கள். பழைய கார்ட்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸை மட்டும்தான் கேட்கும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் பேசினால் அதற்கு விளங்காது. வைஃபை 6 என்ற புதிய தலைமுறை ரவுட்டர் என்றால் இன்னொன்றும் உண்டு: சில பழைய இன்டெல் கார்ட்களில் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பழையதாக இருந்தால் பெயரே வராது. டிரைவரைப் புதுப்பித்தால் வந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன்: பெயர் தெரிந்தால் பூட்டு, தெரியாவிட்டால் அலைவரிசை அல்லது டிரைவர்.

ஆத்திரத்தில் பூட்டையே கழற்றிவிடாதீர்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து விடுவதும், வெப் போடுவதும் வேண்டவே வேண்டாம். எங்கள் வளவுகளில் வேலிக்கு அப்பால் அடுத்த வீடு; உங்கள் வைஃபை அங்கேயும் கேட்கும்.

கண்ணாடிக்கு வெளியே கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. விருந்தினர் வைஃபையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: இரண்டு பூட்டும் சேர்த்துப் போட்டும் ஒட்டாத லப்டொப்புக்கு, விருந்தினர் வைஃபை என்று வேறு பெயரில் ஒன்றைத் திறந்து, அதில் பாதுகாப்பை டபிள்யூபிஏ2, மறையாக்க முறையை ஏஇஎஸ் (AES) என்று மட்டும் வையுங்கள். அதுவும் சரிவராவிட்டால் லப்டொப்பில் செருகும் சின்ன வைஃபை கருவியான யூஎஸ்பி டொங்கிள் ஒன்று போதும். வாங்கும்போது உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.