பூட்டை விடுங்கள், நாதாங்கியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே.

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டாயிற்று. இனிப் பாதித் தெரு ஊருக்குக் கிளம்பிவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். நான் காவல்துறையில் இருந்தவன் இல்லை. மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கீல், தாழ்ப்பாள், பூட்டு, ஆணி, ஸ்குரூ, இவைதான் என் உலகம். எங்கள் மாதிரிக் கடைக்குப் பூட்டு வாங்க இரண்டு விதமான ஆள்கள் வருவார்கள். புதுவீடு கட்டுகிறவர்கள் ஒரு விதம். வீட்டில் திருட்டுப் போன மறுநாள் வருகிறவர்கள் இன்னொரு விதம். முதல் விதத்தார் கதவின் நிறத்துக்கு எந்தக் கைப்பிடி பொருந்தும் என்று கேட்பார்கள். இரண்டாம் விதத்தார்தான் சரியான கேள்வி கேட்பார்கள். இன்று பேசப்போவதெல்லாம் அவர்களிடமிருந்து தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். எதையும் நாலு இடத்தில் விசாரிக்காமல் வாங்க மாட்டார். ஒருநாள் பூட்டு வாங்க வந்தார். கடையில் இருந்த பூட்டுகளையெல்லாம் மேசையில் பரப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, கடைசியில் இருப்பதிலேயே கனமான ஒன்றை எடுத்தார். ஏழு லீவர் பூட்டு, அதாவது சாவி உள்ளே ஏழு தகடுகளைச் சரியாகத் தூக்கினால்தான் திறக்கும். "இதை உடைக்க முடியுமா?" என்றார். "சாமானியத்தில் முடியாது சார்" என்றேன். பேரம் பேசி வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து அதே பூட்டோடு வந்தார். மேசையில் டொக்கென்று வைத்தார். "உடைக்க முடியாது என்றீரே! வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கிலிருந்து பித்தளைத் தவலை வரை ஒன்று மிச்சமில்லை" என்றார். நான் பூட்டை எடுத்துப் பார்த்தேன். பூட்டியது பூட்டியபடி இருந்தது. ஒரு கீறல் இல்லை. கூடவே ஒரு நாதாங்கியும், அதாவது பூட்டை மாட்டுவதற்காகக் கதவில் முடுக்குகிற இரும்புத் தகடும், அதில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நாதாங்கியில் நாலு ஓட்டை. மூன்றில் ஸ்குரூ இருந்தது, நாலாவதில் அதுவும் இல்லை. ஒவ்வொரு ஸ்குரூவும் அரை அங்குலம். மரையில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருந்தது. நடந்தது அவ்வளவுதான். வந்தவன் நாதாங்கிக்குள் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பியிருக்கிறான். நாதாங்கி கதவிலிருந்து பிடுங்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. பூட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான்.

"சார், சாவியைப் போட்டுப் பாருங்கள்" என்றேன். போட்டார். சத்தமில்லாமல் திறந்தது. "பூட்டு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இந்த நாதாங்கி எங்கே வாங்கியது?" என்று கேட்டேன். "அதுவா? வீடு கட்டும்போது ஆசாரி போட்டது" என்றார். என்ன விலை, தெரியாது. எத்தனை அங்குல ஸ்குரூ, தெரியாது. பூட்டுக்கு அத்தனை விசாரணை. அது தொங்குகிற நாதாங்கிக்கு ஒரு கேள்விகூட இல்லை. பூட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் வந்திருந்தார். கடைசியில் அதே பூட்டோடு, நல்ல நாதாங்கி ஒன்றும் நாலு போல்ட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

நேயர்களே, இன்று நான் சொல்கிற மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இந்த நாதாங்கியை மட்டும் மறக்காதீர்கள். உரை முடிந்ததும் வாசலுக்குப் போங்கள். கதவை வெளியே பூட்டிவிட்டு, வெளியாள் மாதிரி நின்று பாருங்கள். பூட்டியிருக்கும்போது நாதாங்கியின் ஸ்குரூத் தலை கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால், ஒரு ஸ்குரூடிரைவர் போதும் திருடனுக்கு. மடக்கி மூடினால் ஸ்குரூத் தலைகளெல்லாம் தகட்டுக்கு அடியில் மறைந்துவிடுகிற நாதாங்கி கடைகளில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்குரூ முடுக்காமல், கதவை முழுக்கத் துளைத்து, உள்பக்கம் வாஷர் வைத்து நட்டுப் போடச் சொல்லுங்கள். வெளியே தெரிவது வழுவழுப்பான உருண்டைத் தலையாக இருக்கட்டும். பிடித்துத் திருக இடம் கொடுக்கக் கூடாது. அப்படிப் போட்டுவிட்டால் நாதாங்கியைப் பிடுங்குவதற்குக் கதவையே பிளக்க வேண்டும்.

ஆல்டிராப், அதாவது கதவின் குறுக்கே ஓடுகிற கனமான இரும்புத் தாழ்ப்பாள், போட்டிருந்தாலும் இதே கதைதான். கனமான கம்பியைப் பார்த்து நமக்குத் தைரியம் வந்துவிடும். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது என்ன என்று பாருங்கள். குட்டி ஸ்குரூவாக இருந்தால் போல்ட்டாக மாற்றுங்கள். கதவுக்குள்ளேயே பதித்த உள்பூட்டு இருக்கிற வீட்டில், பூட்டின் நாக்கு போய் விழுகிற தகடு ஒன்று கதவு நிலையில் இருக்கும். அதற்கு மூன்று அங்குல ஸ்குரூ போடுங்கள். இத்தனைக்கும் ஆசாரி கூலியோடு சேர்த்து ஆகிற செலவு, நீங்கள் வாங்கும் நல்ல பூட்டின் விலையைத் தாண்டாது.

பூட்டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குப் பக்கத்து ஊர் திண்டுக்கல். அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. கையால் ராவிய சாவி, உள்ளே லீவர்கள், மாங்காய் வடிவத்தில் ஒரு பூட்டு செய்வார்கள், பார்த்துக்கொண்டே இருக்கலாம். பூட்டு என்றால் எனக்குப் பைத்தியம். ஆனபடியால் ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் பிராமா என்றொரு பூட்டுக் கம்பெனி. 'எங்கள் பூட்டைச் சாவியில்லாமல் திறந்தால் 200 கினி பரிசு' என்று கடைக் கண்ணாடியில் பூட்டையும் அறிவிப்பையும் வைத்திருந்தார்கள். கினி என்பது அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம். அறுபது வருஷத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-ல் அங்கே பெரிய பொருட்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர் வந்தார். திறந்துவிட்டார், பரிசையும் வாங்கிக்கொண்டார். எவ்வளவு நேரத்தில் தெரியுமா? 16 நாள், மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து. அதற்குள் லண்டனே பூட்டைப் பற்றித்தான் பேசியது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லோரும் பூட்டைத்தான் நினைப்பார்கள். எனக்கு அந்த 51 மணி நேரம்தான் மனசில் நிற்கிறது. நம் வீட்டுக்கு வருகிறவனுக்கு 51 மணி நேரம் கிடையாது. அவனுக்கு ஐந்து நிமிஷமே அதிகம். பயம் இரண்டு: நேரமாகிவிடுமோ, சத்தம் வந்துவிடுமோ. அதனால் அவன் பூட்டைத் தொட மாட்டான். எது சீக்கிரம் கழன்று வருகிறதோ அதைத்தான் தொடுவான். மறுபடியும் நாதாங்கிக்கே வந்துவிட்டேன், பாருங்கள்.

சரி, நாதாங்கியை விட்டுக் கொஞ்சம் வீட்டைச் சுற்றி வருவோம். தேக்குக் கதவு, கிரில் கேட், இரட்டைப் பூட்டு, எல்லாம் முன்வாசலுக்கு. கொல்லைப்புறம் போனால் சமையலறைக் கதவு மெல்லிய பிளைவுட். மொட்டைமாடிக்குப் போனால் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதவு, அதற்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு மாடிக்கு ஏறினால் போதும், தெரு முழுக்க நடந்துபோகலாம். மாடிக் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் உள்பக்கம் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. இரண்டு கொக்கி, ஒரு பட்டை, தீர்ந்தது. நம் பாட்டிமார் உலக்கையைக் குறுக்கே செருகி வைத்தார்களே, அதேதான்.

வெளிப்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால் கீலும் வெளியேதான் இருக்கும். கீலின் நடுக் கம்பியைத் தட்டி எடுத்துவிட்டால், பூட்டு பூட்டியபடி இருக்கக் கதவு மறுபக்கமாகத் திறந்துகொள்ளும். அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் வெல்டிங் காரரிடம் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் குளியலறை வென்டிலேட்டர். கண்ணாடிப் பட்டைகளைச் செருகி வைத்திருப்பார்கள் இல்லையா, செருகியதை உருவவும் முடியும். உள்ளே நாலு கம்பி வைத்துவிடுங்கள். கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்தால், ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று நீங்களே ஒருமுறை வெளியில் நின்று விட்டுப் பாருங்கள். பல வீட்டில் எட்டும்.

இன்னொன்று. கம்பியும் ஏணியும் திருடன் கொண்டுவருகிறான் என்று நினைக்கிறோம். தெருவில் கடப்பாரையோடு நடந்தால் யாராவது கேட்க மாட்டார்களா? பல நேரம் அது நம் வீட்டுத் தோட்டத்தில் சாய்த்து வைத்ததாகவே இருக்கும். கடப்பாரை, மண்வெட்டி, ஏணி, மூன்றையும் உள்ளே வைத்துப் பூட்டுங்கள். இதற்குப் பைசா செலவில்லை. சாவியும் அப்படித்தான். கால்மிதி, பூந்தொட்டி, செருப்பு ஸ்டாண்டு, மின்சார மீட்டர் பெட்டியின் மேல்பக்கம். நமக்குத் தெரிந்த இந்த நாலு இடமும் அவனுக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பீரோவுக்கு அத்தனை கனத்தில் இரும்பு போட்டு, அதன் சாவியைப் பீரோ மேலேயே வைக்கிற வழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிலர் காம்பவுண்டுச் சுவர்க் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பந்தெடுக்க ஏறுகிற பையன் செத்துப்போவான், நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள். ஜன்னல் கிரில்லிலும் ஒரு விஷயம்: எல்லா ஜன்னலையும் நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற, உள்ளிருந்து திறக்கிற மாதிரி ஒன்றாவது இருக்க வேண்டும். அதன் சாவி எங்கே என்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

ஆள் இல்லாத வீட்டைத் திருடன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்? நாம்தான் சொல்கிறோம். வாசலில் நேற்றைய பால் பாக்கெட், கேட்டில் செருகிய மூன்று நாள் பேப்பர், பட்டப்பகலில் எரிகிற வராந்தா விளக்கு. எல்லா வாசலிலும் கோலம் இருக்க, ஒரு வாசல் மட்டும் வெறுமனே கிடந்தால் தெருவில் போகிற யாருக்கும் தெரியும். பாலையும் பேப்பரையும் நிறுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லி ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது ஊர்ப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தால் போகிறது. கிரில் கேட்டுப் பூட்டு உள்பக்கம் பார்த்துத் தொங்கட்டும். கொடைக்கானலில் நின்று எடுத்த படத்தை ஊர் திரும்பிய பிறகு ஸ்டேட்டஸில் போட்டாலும் கொடைக்கானல் அங்கேயேதான் இருக்கும். காவல் நிலையத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வீடு பூட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களே இதைப் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாம்தான் போவதில்லை.

கடிகாரத்தைப் பார்த்தால், நாதாங்கிக்கே பாதி நேரத்தைக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். ஆள் நடமாடினால் தானாக எரிகிற சென்சார் விளக்கு, வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் ஒன்று போடுங்கள். கதவு திறந்தால் கத்துகிற காந்த அலாரம், பேட்டரியில் ஓடுவது, மாடிக் கதவுக்கு ஒன்று. கேமரா வைத்தால் பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், டிவியோடு அதையும் தூக்கிப் போய்விடுவான். பரண் மேல் மறைத்து வையுங்கள்.

வீடு திரும்பும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம், கைரேகையும் அழிந்துபோகும். வெளியே நின்று 100 அல்லது 112. ராத்திரி நீங்கள் உள்ளே இருக்கும்போது சத்தம் கேட்டால் விளக்கைப் போட்டுக் கூச்சல் போடுங்கள், மல்லுக்கட்டப் போகாதீர்கள்.

நகை. பேங்க் லாக்கரில் வையுங்கள். 2022 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி விதி: லாக்கரில் திருட்டோ கொள்ளையோ தீயோ நடந்தால், ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். வாடகை 2,000 ரூபாய் என்றால் இரண்டு லட்சம். அதற்கு மேல் நகை வைத்திருக்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரசீதையும் நகைகளின் போட்டோவையும் வேறொரு இடத்தில் வையுங்கள்.

இன்சூரன்ஸுக்குத் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தேன், அதற்கு இனி வழியில்லை. வீட்டுக்காக விற்கிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி முக்கியமாகத் தீ, வெள்ளம், புயல் மாதிரி ஆபத்துகளுக்கானது. அப்படி ஒன்று நடந்து, அதையொட்டி ஏழு நாளுக்குள் திருட்டுப் போனால்தான் அதில் பணம் வரும். சாதாரணத் திருட்டுக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஏஜெண்டிடம் 'வீடு புகுந்து திருடினால் வருமா?' என்று நேராகக் கேளுங்கள். நேரம் முடிந்தது என்கிறார்கள். வணக்கம்.