பிட் அடித்தது யார்?

(தலைப்பு: எம்.ஐ.டி. மாணவர்கள் பிளாக்ஜாக்கில் கேசினோக்களை வென்றது கணக்காலா, களவாலா? கணக்கு அணியின் உரை)

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மணி ஐயா கைக்குப் பக்கத்துலயே இருக்கு, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பாஸ்டன் பக்கத்துல இருக்கிற எம்.ஐ.டி.ங்கிற அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் கேசினோவுக்கு, அதாவது சூதாட்ட விடுதிக்குப் போய், வர்ற சீட்டை எண்ணியே பிளாக்ஜாக்ல ஜெயிச்சாங்க. பிளாக்ஜாக்னா, கையில இருக்கிற சீட்டோட கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாம டீலரை, அதாவது சீட்டுப் போடற கேசினோ ஆளை, முந்தற ஆட்டம்.

எதிரணி அக்கா போற போக்குல ஒரு குண்டு போட்டுட்டுப் போனாங்க. "பரீட்சை ஹால்ல பிட் அடிக்கிறவனுக்கும், பாஸ்டன்ல இருந்து லாஸ் வேகாஸ் போய்ச் சீட்டு எண்ணினவனுக்கும் என்ன வித்தியாசம்? அவன் முழுக்கைச் சட்டைக்குள்ள ஒளிச்சான், இவன் மண்டைக்குள்ள ஒளிச்சான்!" நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்தது.

ஆனா அக்கா, மண்டைக்குள்ள வெச்சிருந்தா அதுக்குப் பேரு பிட் இல்ல. படிப்பு!

சரி, பிட்டுன்னே வெச்சுக்குவோம். அதை விக்கிறது யாரு தெரியுமா? கேசினோவேதான். அவங்க பரிசுப்பொருள் கடையிலயே சட்டைப்பை அளவுல ஒரு அட்டை கிடைக்கும். உங்க கையில இவ்வளவு இருந்து டீலர் இந்தச் சீட்டைக் காட்டினா இன்னொண்ணு வாங்கு, இப்படின்னா நிறுத்துன்னு கட்டம் கட்டமா அச்சடிச்சிருக்கும். பெரும்பாலான இடத்துல அதை மேஜையில வெச்சுப் பார்த்தே ஆடலாம். ஹால் சூப்பர்வைசரே வாசல்ல நின்னு பிட் விக்கிற மாதிரி! ஏன் இவ்வளவு தாராளம்? அந்த அட்டைப்படி ஒரு தப்பும் இல்லாம ஆடினாலும், 100 டாலர் கட்டினா சராசரியா அரை டாலர் கேசினோவுக்குத்தான். தோக்கிற பிட் விக்கலாமாம், ஜெயிக்கிற கணக்குப் போட்டா களவாம்!

அந்தக் கணக்கு என்ன? 2-ல இருந்து 6 வரைக்கும் எது வந்தாலும் ஒண்ணு கூட்டு. 7, 8, 9-ஐக் கண்டுக்காதே. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் வந்தா ஒண்ணு கழி. இப்பவே போடுவோம். 5 வருது, ஒண்ணு. ராஜா, பூஜ்யம். 3, ஒண்ணு. 8, விடு. 6, ரெண்டு. ஆஸ், மறுபடி ஒண்ணு. அவ்வளவுதாங்க. எண்ணிக்கை ஏற ஏற, பெரிய சீட்டெல்லாம் இன்னும் உள்ளயே இருக்குன்னு அர்த்தம். அது ஆடறவனுக்கு நல்லது. முதல் ரெண்டு சீட்டுலயே 21 வந்தா அதுக்கும் பேரு பிளாக்ஜாக்தான். அது அவனுக்கும் வரும், டீலருக்கும் வரும். ஆனா பத்துக்குப் பதினஞ்சு கிடைக்கிறது அவனுக்கு மட்டும்தான். கையில 16 இருந்தா அவன் நிறுத்திக்கலாம். டீலர் நிறுத்த முடியாது, இன்னொண்ணு எடுத்தே ஆகணும். ராஜாவுக்குப் பத்து, அது வந்து உக்காந்தா 26, டீலர் காலி.

"இவ்வளவு சுலபமா?"ன்னு பின்வரிசையில ஒருத்தர் டிக்கெட் விலை பார்க்கறாரு. உக்காருங்க சார். நிறைய பேரு கவுர்றது வகுக்கிற இடத்துல. எண்ணிக்கையை, உள்ள இன்னும் எத்தனை கட்டு பாக்கியோ அதால வகுக்கணும். அங்க ஆடறது ஆறு கட்டு, 312 சீட்டு. எண்ணிக்கை 12 வந்திருக்கு, உள்ள நாலு கட்டு பாக்கின்னா மதிப்பு வெறும் 3. ரெண்டே கட்டு பாக்கின்னா 6. வகுக்காம 12-ன்னு குதிச்சுப் பணத்தைக் கொட்டினா அதோட முடிஞ்சது. சரியா வகுத்தாலும் 3-க்குக் கிடைக்கிற சாதகம் 100 டாலருக்கு ஏறக்குறைய ஒரு டாலர்தான். ஒரே ஒரு டாலர்! ரெண்டு ராத்திரி தொடர்ந்து தோத்தா தனி ஆள் கையில முதலே இருக்காது. அதனாலதான் கூட்டு முதல். 1980 ஆகஸ்ட்ல பில் கப்லான், ஜே.பி. மாசார் கூட்டணி 89,000 டாலரோட இறங்கி, பத்தே வாரத்துல அதை ரெண்டு மடங்காக்குச்சு.

ஒருத்தன் குறைஞ்ச பந்தயம் கட்டிக்கிட்டே எண்ணுவான். மேஜை சூடானா, அதாவது எண்ணிக்கை நல்லா ஏறினா, கையைக் கட்டுவான். நம்ம ஊர்ல கையைக் கட்டினா மரியாதை, அங்க கையைக் கட்டினா லட்சம்! உடனே இன்னொருத்தன் பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி தள்ளாடிக்கிட்டு வந்து பெரிய தொகையா வெப்பான். வேஷம்தானேன்னு அக்கா கேப்பாங்க. ஆமா, வேஷம்தான். கேசினோ மட்டும் என்னவாம்? உள்ள கடிகாரம் உண்டா, ஜன்னல் உண்டா?

இப்ப ஒரு காகிதப் பை கதை. எம்.ஐ.டி. வகுப்பறையில ராத்திரி பயிற்சி. முடிஞ்சு கிளம்பினாங்க, ஒருத்தர் பையை விட்டுட்டுப் போயிட்டாரு. பெட்டி இல்லைங்க, காகிதப் பை. பஜ்ஜி வாங்கிட்டு வருவோமே, அந்த ஜாதி. உள்ள 1,25,000 டாலர்! 312 சீட்டோட கணக்கை மறக்காத மண்டை பையை மறந்துடுச்சு. டிபன் பாக்ஸைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தா நம்ம வீட்ல என்ன நடக்கும்? மூடி மட்டும் தொலைஞ்சாலே ரெண்டு நாளைக்குப் பேச்சு வாங்கணும். இது ஒண்ணேகால் லட்சம்... காகிதப் பையில! விடிஞ்சதும் ஓடிப் போய்ப் பாத்தா பை இல்ல. துப்புரவு ஊழியர் எடுத்துத் தன் லாக்கர்ல வெச்சிருக்காரு. விஷயம் எஃப்.பி.ஐ., அதாவது அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை வரைக்கும் போச்சு.

அக்கா, இங்கதான் கவனிக்கணும். திருடின பணம்னா என்ன செஞ்சிருப்பான்? அந்தக் கட்டடம் இருக்கிற தெருப் பக்கமே தலைவெச்சுப் படுத்திருக்க மாட்டான். இவங்க எங்க பணம்னு போய் நின்னாங்க, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாங்க. மாசக்கணக்கா அலைஞ்சு, பணம் திரும்பி வந்துச்சு. பிட் அடிச்சவன் மறுநாள் சூப்பர்வைசர்கிட்ட வந்து "சார், என் பிட்டைக் குடுங்க"ன்னு கேப்பானா?

சட்டமும் அப்படித்தான். 1982-ல கென் யூஸ்டன்னு சீட்டு எண்ணுற ஒருத்தரோட வழக்குல, எண்ணுறாங்கங்கிறதுக்காக கேசினோ தன்னிச்சையா ஆளை வெளியே தள்ளக் கூடாதுன்னு நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடாவுல கேசினோ வெளியே போன்னு சொல்லலாம், ஆனா மனக்கணக்கு குற்றம் கிடையாது. 1985-ல அங்க தடை பண்ணினது எண்ணுறதுக்கு உதவற கருவியை. மூளையை அந்தப் பட்டியல்ல சேர்க்கல.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரு நிமிஷம்.

சிரிச்சதெல்லாம் போதும். அந்தக் காலத்து கேசினோவுல காசு போட்டு ஆடற சூதாட்ட இயந்திரத்துக்கு முன்னாடி ஒரு வயசான அம்மா உக்காந்திருப்பாங்க. பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டம்ளர், உள்ள காசு. நாணயம் தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். ஓய்வூதியப் பணம். டம்ளர் காலியாகக் காலியாக, குடிக்க இலவசமா ஏதாவது வந்துக்கிட்டே இருக்கும். "போதும்மா, வீட்டுக்குப் போங்க"ன்னு அங்க ஒருத்தரும் சொல்லமாட்டாங்க.

மேனேஜர் வருவாரு. அந்த அம்மாவைத் தாண்டி நேரா அந்த மாணவன்கிட்டதான் வருவாரு. தோள்ல தட்டி, "உங்க ஆட்டம் எங்களுக்கு ரொம்ப ஒசத்தி. பிளாக்ஜாக் மட்டும் வேணாம் தம்பி. இங்க வேற எது வேணும்னாலும் ஆடுங்க"ன்னு கையை நீட்டுவாரு.

அந்த அம்மாவுக்குப் பக்கத்து ஸ்டூல் காலியாத்தான் இருக்கும்.

வணக்கம்.