‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்கிறீர்களே, அதில் யாருக்குப் பணம் வரும்?

[காட்சி: ஏற்காடு அடிவாரம். கோடை விழா சமயம். மலையேறக் காத்திருக்கும் கார்களின் வரிசை.]

இந்த வரிசையில் எந்தக் காரை நிறுத்திக் கேட்டாலும் "இன்சூரன்ஸ் இருக்குதுங்க" என்று பதில் வரும். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன இன்சூரன்ஸ் என்று கேட்டால்தான் பேச்சு இழுக்கும். "ஃபுல் இன்சூரன்ஸ்ங்க" என்பார்கள்.

அப்படி ஒரு பாலிசியே கிடையாது. ஒரே காகிதத்தில் நாலைந்து பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்குப் பணம் தருகிறது. மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுகளில் என்னென்ன நடக்கலாம் என்று பார்த்துக்கொண்டே போவோம்.

[காட்சி: வளைவு ஒன்றில் கீழே இறங்கும் கார், மேலே ஏறும் பைக். வரைபடம்.]

இறங்கும்போது வேகத்தில் வளைவை அகலமாக எடுத்து, எதிரே வந்த பைக்காரரை இடித்துவிட்டீர்கள். அவருக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈட்டுக்குத்தான் தேர்ட் பார்ட்டி. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதை மட்டும்தான். காயமோ உயிரிழப்போ என்றால் தொகையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்யும், அதற்கு உச்சவரம்பு இல்லை. அவருடைய பைக், யாரோ ஒருவருடைய சுற்றுச்சுவர் போன்ற பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. உங்கள் காரின் நசுங்கிய பானெட்டுக்கு ஒரு பைசா கிடையாது.

இதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒரு வருடத்துக்கு 3,416 ரூபாய், வரி தனி. எந்தக் கம்பெனியில் போட்டாலும் இதே தொகைதான். "தேர்ட் பார்ட்டியில் டிஸ்கவுண்ட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

[காட்சி: காருக்குள் பின்சீட்டில் பாட்டி, இரண்டு பிள்ளைகள்.]

அந்த இடியில் உங்கள் காருக்குள் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அடிபட்டால்? என் கணக்கில் இந்த வீடியோவில் முக்கியமான கேள்வி இதுதான். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட சொந்தக் காரில் சும்மா ஏற்றிக்கொண்டு வரும் ஆட்களுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் இது. பேக்கேஜ் பாலிசி, அதாவது தேர்ட் பார்ட்டியோடு உங்கள் காரின் சேதத்தையும் சேர்த்த காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருந்தால் அவர்களும் அடங்குவார்கள். பழைய வண்டிதானே, தேர்ட் பார்ட்டி போதும் என்று பணத்தை மிச்சம் பிடித்துவிட்டு, அதே வண்டியில் குடும்பத்தோடு மலையேறுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ஓட்டுகிற உங்களுக்கு? பாலிசியில் ‘பர்சனல் ஆக்சிடென்ட், ஓனர் டிரைவர், 15 லட்சம்’ என்று ஒரு வரி இருக்கும். உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் இது பணம் தரும். ஆனால் ஆர்.சி. புக்கில் யார் பேர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். நம் ஊரில் வண்டியை மனைவி பேரில் வாங்கிவிட்டுக் கணவர் ஓட்டுவது சகஜம். அப்படி இருந்தால் ஸ்டியரிங் பிடித்திருக்கும் கணவருக்கு இந்த 15 லட்சம் பொருந்தாது. மனைவிக்கு லைசென்ஸ் இல்லையென்றால் அவருக்கும் பொருந்தாது. இதைச் சொல்லி வண்டி விற்கும் ஷோரூம் அபூர்வம்.

[காட்சி: சாலையில் சரிந்து கிடக்கும் மண், பாறை.]

சரி, இப்போது உங்கள் கார். இதற்குப் பெயர் ஓன் டேமேஜ். மோதல், திருட்டு, தீ, வெள்ளம், புயல் எல்லாம் இதில் வரும். நிலச்சரிவும் பாறை சரிவும் பாலிசியிலேயே தனியாக எழுதியிருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்ததே, அப்படி ஒரு கல் உருண்டு வந்து காரின் கூரையில் விழுந்தால் கிளெய்ம் உண்டு. காட்டெருமை குறுக்கே வந்து முட்டினாலும் உண்டு.

எது வராது? மலையேற்றத்தில் பாதி கிளட்ச்சிலேயே ஓட்டி, நாலாவது வளைவில் தீய்ந்த வாடை வருகிறதே, அந்த கிளட்ச் பிளேட் வராது. தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் பணம் இல்லை. குடித்துவிட்டு ஓட்டினால் இல்லை. ஓன் போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய் மாட்டினாலும் இல்லை.

[திரையில்: தேர்ட் பார்ட்டி 3 வருடம். ஓன் டேமேஜ் 1 வருடம்.]

புது கார் வாங்கியவர்கள் இங்கே கவனியுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். அதோடு வரும் ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். ‘மூணு வருஷத்துக்குக் கட்டியாச்சு’ என்று நினைத்து இரண்டாம் வருடம் சும்மா இருந்துவிடுகிறார்கள். போலீஸ் கேட்டால் பேப்பர் சரியாக இருக்கும், கார் இடிபட்டால் மட்டும் பணம் வராது. 90 நாள் தாண்டிவிட்டால் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.

[காட்சி: உடைந்த முன்பக்க பம்பர், அருகிலிருந்து. திரையில் கணக்கு ஓடுகிறது.]

அந்த போனஸ் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கி, தடுப்புச்சுவரில் உரசி பம்பர் உடைந்தது. புது பம்பர் 6,000 ரூபாய் என்று வையுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம், ஆக 3,000 கழியும். கட்டாயப் பிடித்தம் என்று 1,500 சிசி வரையுள்ள காருக்கு இன்னொரு 1,000. கைக்கு வருவது 2,000.

இப்போது மறுபக்கம். கிளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். அடுத்த வருடம் உங்களுக்கு 35 சதவீதம் வர வேண்டும், பிரீமியம் 8,000 என்றால் 2,800 மிச்சம். கிளெய்ம் செய்தால் அது பூஜ்யம். அதற்கடுத்த வருடமும் 20-லிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாயிரத்துக்கு ஆசைப்பட்டு அதைவிட அதிகம் இழக்கிறீர்கள். சின்ன உரசலுக்கு ஃபார்ம் நிரப்பாதீர்கள்.

பாகத்தின் விலையில் தேய்மானம் கழிக்காமல் தருவதுதான் ஜீரோ டெப். பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி, அதாவது ஆட்-ஆன். பம்பர் டு பம்பர் என்பதும் அதுவே. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புது வண்டிகளுக்கு ஐந்து வருட பம்பர் டு பம்பரைக் கட்டாயமாக்கி, செப்டம்பரிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. இன்றைக்கும் அது விருப்பத்தைப் பொறுத்தது. முதல் மூன்று நான்கு வருடங்களுக்கு நான் எடுக்கத்தான் சொல்வேன்.

[காட்சி: மழை. பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீர். பாதி மூழ்கிய கார்.]

சேலத்துக்கு இறங்கிவிட்டோம். பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் கார் நின்றுவிட்டது. சீட், ஒயரிங் நனைந்த சேதம் வெள்ளத்தின் கணக்கில் வரும். ஆனால் நீங்கள் சாவியைத் திருகி மறுபடி ஸ்டார்ட் செய்து, தண்ணீரை உறிஞ்சி எஞ்சின் இறுகிவிட்டால், அது உங்கள் செயலால் வந்த சேதம் என்று கம்பெனி மறுக்கலாம். இதற்குத்தான் எஞ்சின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன். எது இருந்தாலும் சரி, தண்ணீருக்குள் சாவியைத் தொடாதீர்கள், இழுத்துக்கொண்டு போக வண்டியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஐடிவி, அதாவது வண்டியின் இன்றைய மதிப்பு என்று பாலிசியில் எழுதியிருக்கும் தொகை. வண்டி காணாமல் போனாலோ, ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை அது. எட்டு லட்ச ரூபாய் காருக்கு இரண்டு வருடம் தாண்டினால் 30 சதவீதம் கழித்து 5.6 லட்சம். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் ஐடிவியைக் குறைத்துப் போடுவது பழைய வித்தை. ஒரு பாலிசி இன்னொன்றைவிட ஆயிரம் ரூபாய் மலிவாக இருந்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

[காட்சி: பாலிசியின் முதல் பக்கம். ஒவ்வொரு வரியாக வட்டமிடப்படுகிறது.]

வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் பாலிசியை எடுங்கள். ஓன் டேமேஜ் முடியும் தேதியும் தேர்ட் பார்ட்டி முடியும் தேதியும் தனித்தனியாக இருக்கும். ஐடிவி, ஓனர் டிரைவர் 15 லட்சம், ஆட்-ஆன் பட்டியல் எல்லாம் அதே பக்கத்தில்தான். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்கான வரியையும் தேடுங்கள். இல்லையென்றால் ஏஜென்ட்டிடம் சொல்லிச் சேர்க்கலாம், வருடத்துக்கு 50 ரூபாய்தான் ஆகும்.