செருப்பு ஸ்டாண்டில் இரண்டு ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையதளங்களெல்லாம் ஏன் விளம்பரத்தை நம்பியே பிழைக்கின்றன, ஆளுக்கு மாதம் பத்து ரூபாய் சந்தா வாங்கிக்கொண்டு கௌரவமாக நடத்தக் கூடாதா? இதைப் பற்றித்தான் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், நான் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருஷமாக அலைகிறேன் என்பது நிலையத்தில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் பேரப்பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் எழுந்து போனால் எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த வகையில் வானொலி சௌகரியம்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினவன் நான். ஊர் தாமிரபரணிக் கரையில். 2009-இல் பொழுதுபோக்காக ஓர் இணையதளம் ஆரம்பித்தேன். அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது, பஸ் நேரம்தான். எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாபநாசத்துக்கு எத்தனை மணிக்கு, கடையம் வழியாகத் தென்காசிக்கு எத்தனை மணிக்கு, கடைசி திருநெல்வேலி பஸ் எப்போது, அவ்வளவுதான். நேரக் காப்பாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு செய்வேன். நாலு வருஷத்தில் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் பேர் வரைக்கும் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். சர்வருக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கிற கம்ப்யூட்டருக்கு, வாடகை கட்ட வேண்டுமே. 2013-இல் ஒரு யோசனை வந்தது: வருஷத்துக்கு ஐம்பது ரூபாய் சந்தா. மாதத்துக்கு நாலு ரூபாய் சொச்சம். இதைக் கொடுக்காமல் இருப்பார்களா என்று நினைத்தேன்.

கொடுக்கவில்லை. மூன்று மாதத்தில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். அதில் நாலு பேர் என் சொந்தக்காரர்கள்.

சந்தா கட்டாதவர்களுக்குப் பூட்டுப் போட்ட நாலாம் நாள் காலையில், விடியவே இல்லை, போன் வருகிறது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர். "சார்வாள், என்னமோ பாஸ்வேர்டு கேக்கு. இங்க ஒரு அம்மா கைப்பிள்ளையோட நிக்காவ. தென்காசி பஸ் போயிட்டா வரணுமா, அத மட்டும் சொல்லுங்க." சொன்னேன். சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாவிடம் ஐம்பது ரூபாய் இல்லாமல் இல்லை. டிக்கெட்டுக்கு வைத்திருக்கிறார். ஆனால் அந்த இருட்டில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெயர் எழுது, ஈமெயில் எழுது, கார்டு நம்பர் போடு, பாஸ்வேர்டு யோசி என்றால்? அதற்குள் பஸ் போய்விடும். போயேவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

இப்போது செருப்பு ஸ்டாண்டுக்கு வருகிறேன். இதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் செருப்பு ஸ்டாண்டு ஒன்று உண்டு. ஜோடிக்கு இரண்டு ரூபாய். எதிரே பூக்கடைகள். ஒரு மார்கழிக் காலையில் திருப்பாவை முடிகிற வரைக்கும் வாசல் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டில் செருப்பு விடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பாக்கிப் பேர் எங்கே விடுகிறார்கள்? சிலர் தேர்முட்டி ஓரத்தில், சிலர் அடுத்த தெரு திண்ணையில். பெருங்கூட்டம் பூக்கடையில். பூக்கடைக்கார அம்மா, "அக்கா, செருப்ப இங்க விட்டுட்டுப் போங்க, ஆரும் தொட மாட்டாவ, காசெல்லாம் வேண்டாம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அங்கே செருப்பை விட்டுவிட்டு, விட்ட தோஷத்துக்கு இருபது ரூபாய்க்குப் பூ வாங்குகிறார்கள். இரண்டு ரூபாய் கொடுக்க மனசு வரவில்லை. இருபது ரூபாய்க்குப் பூ வாங்கியாயிற்று. உள்ளே போய் அர்ச்சகர் தட்டில் பத்து ரூபாய் போடுகிறார்கள். அதே ஆட்கள்தான்.

ஆக, இது கஞ்சத்தனம் இல்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: இது கஞ்சத்தனம் இல்லை. இரண்டு ரூபாய் என்றதும் மனசுக்குள் ஒரு கணக்குப் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். சில்லறை இருக்கிறதா, டோக்கன் தொலைந்தால் என்ன செய்வது, செருப்பு அவ்வளவு பெறுமா, போன வாரம் சும்மாதானே விட்டோம் என்று கேட்க ஆரம்பிக்கிறான். காசே கிடையாது என்று சொல்லிவிட்டால் அவன் எழுந்திருப்பதே இல்லை. ஒரு ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் இடையில் உள்ள தூரத்தைவிட, சும்மாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் இடையில் உள்ள தூரம் பெரிது.

இதை அமெரிக்காவில் சாக்லேட்டை வைத்துச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டான் ஏரியலி என்ற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் செய்தது, 2007-இல் வெளிவந்தது. ஒசத்தியான சாக்லேட் 15 சென்ட், சாதாரணம் 1 சென்ட் என்று வைத்தார்கள். வாங்கினவர்களில் 73 சதவீதம் பேர் ஒசத்தியானதை எடுத்தார்கள். பிறகு இரண்டிலும் ஒரே ஒரு சென்ட் குறைத்தார்கள். ஒசத்தி 14, சாதாரணம் சும்மா. வித்தியாசம் அதே 14 சென்ட்தான். ஆனால் 69 சதவீதம் பேர் சாதாரணத்துக்குத் தாவிவிட்டார்கள். ஒரு சென்ட் செய்த வேலை. நான் பூக்கடை வாசலில் பார்த்ததை அவர்கள் மேஜை போட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சரி, பஸ் நேரம் போடுகிறவனை விடுங்கள். பெரியவர்கள் என்ன பாடுபட்டார்கள்? நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2005 செப்டம்பரில், பத்தி எழுத்தாளர்களின் கட்டுரைகளை இணையத்தில் பூட்டி வைத்து, வருஷத்துக்கு 49 டாலர் 95 சென்ட் கேட்டது. காசு கொடுத்துச் சேர்ந்தவர்கள் சுமார் 2,27,000 பேர். வருமானம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர். குறைச்சலா? ஆனாலும் 2007 செப்டம்பரில் அவர்களே பூட்டைத் திறந்துவிட்டார்கள். காரணம் கேளுங்கள். கூகுளில் எதையோ தேடி இவர்கள் வாசலுக்கு வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் அவ்வளவு பேர். அவர்களை உள்ளே விட்டு விளம்பரம் காட்டினால் இதைவிட அதிகம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். டீக்கடைக்காரர் எனக்குப் போன் போட்டார். அவர்களுக்கு யாரும் போட்டிருக்க மாட்டார்கள், அதனால்தான் இரண்டு வருஷம் ஆயிற்று.

இன்னொரு சங்கதி, வசூல். ஐம்பது ரூபாயை ஆயிரம் பேரிடம் வாங்குவது என்றால் ஆயிரம் தடவை வாங்க வேண்டும். கார்டு கம்பெனிக்குக் கமிஷன், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் பதில், வருஷம் முடிந்ததும் "புதுப்பியுங்கள்" என்று நச்சரிப்பு. விளம்பரத்தில் கொடுக்கிற கை ஒன்றுதான். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பாருங்கள். ராகுகாலம், எமகண்டம், முகூர்த்த நாள் எல்லாம் தேதி தவறாமல் இருக்கிறது. அதற்கு நீங்கள் காசு கொடுத்தீர்களா? நகைக்கடைக்காரர் கொடுத்தார். அச்சாபீஸ்காரர் ஐயாயிரம் வீடு ஏறி இறங்காமல் ஒரே கடையில் பணத்தை வாங்கிக்கொண்டார். 

காலண்டரில் ஒரே கடைதான் இருக்கும். இணையத்தில் அது ஏலம். நீங்கள் பக்கத்தைத் திறந்து, அது வந்து சேர்வதற்குள், அதிலுள்ள விளம்பர இடம் யாருக்கு என்று ஏலம் முடிந்துவிடுகிறது. வாழைத்தார் மண்டி ஏலம் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான், கூச்சல் மட்டும் கிடையாது. கூகுள் தன் தேடல் பக்கத்தில் விளம்பரம் விற்கிற முறையை 2000-இல் கொண்டுவந்தது. 2003-இல் ஆட்சென்ஸ் என்று ஒன்று வந்தது. அதன்படி என்னைப் போன்றவர்களும் தங்கள் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டால், விளம்பரத்தைக் கூகுள்காரர்களே பிடித்துப் போட்டுப் பங்கு தருவார்கள். நான் ஒரு கடையும் ஏறி இறங்க வேண்டாம்.

ஆனால் இதில் நமக்கு ஒரு குறை இருந்தது. தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் முறையாகக் கிடைத்தது. இந்திக்கு 2014 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அதுவரை தமிழில் தளம் நடத்தினவர்கள் கைக்காசைப் போட்டோ, பக்கத்தில் கொஞ்சம் இங்கிலீஷைத் தூவியோ ஒப்பேற்றினார்கள். நான் பூட்டை எடுத்துவிட்டு ஐந்து வருஷம் பென்ஷனிலிருந்து கட்டினேன்.

2018-இல் விண்ணப்பித்தேன். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், விலாசம் சரிதானா என்று பார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, கடைசியில் எங்கள் தெரு போஸ்ட்மேனை நம்புகிறது பாருங்கள்! அவரும் சைக்கிளை நிறுத்தி, "சார்வாள், வெளிநாட்டுக் கடுதாசி" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் போனார். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எனக்கு அது சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. சர்வர் வாடகைக்குச் சரியாகப் போயிற்று.

பூக்கடையிலும் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பூ வாங்காமல் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தால் அந்த அம்மா பார்க்கிற பார்வை இருக்கிறதே! சும்மா கொடுக்கிறவர்கள் நம்மை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். நாம் எதைத் தேடினோம், எங்கே நின்றோம் என்றெல்லாம் விளம்பரக்காரர்கள் குறித்துக்கொள்வதும் அந்தப் பார்வைதான். என் பக்கத்தில் ஒருநாள் பஸ் நேரப் பட்டியலுக்குக் கீழேயே பச்சை நிறத்தில் "தொடங்கு" என்று ஒரு பொத்தான் விளம்பரம். அதை அழுத்தினால்தான் நேரம் தெரியும் என்று நினைத்து ஒரு பெரியவர் அழுத்தியிருக்கிறார். போன் நிறைய என்னென்னவோ வந்து விழுந்துவிட்டது. வீட்டுக்கே வந்துவிட்டார். அதைத் துடைத்துக் கொடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

திடீரென்று முன்னால் வந்து குதிக்கிற விளம்பரம் இருக்கிறதே, அதற்கான நிரலை எழுதினவர் ஈத்தன் ஸக்கர்மன் என்ற அமெரிக்கர். 2014-இல் அவரே ஒரு கட்டுரை எழுதி மன்னிப்புக் கேட்டார். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் யாரோ ஒருவரின் அசிங்கமான பக்கத்தில் வந்துவிட்டதாம். கம்பெனி கோபித்துக்கொண்டது. பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். காசு கொடுத்தவரைச் சமாதானப்படுத்தப் பிறந்தது அது. படிக்கிற நீங்களும் நானும் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை.

இங்கே நம் வானொலியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டிய காலம் நேயர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பாஸ்புத்தகம் மாதிரி ஒன்று, அதில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்துவார்கள். அதுவும் சந்தாதானே, எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். சட்டம் இருந்தது, சோதிக்க ஆள் வந்தார். எங்கள் அப்பா தவறாமல் கட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சுவர் வழியாகக் கச்சேரி கேட்பார், ஒரு பைசா கட்டமாட்டார். 1967-இல் விவித பாரதியில் விளம்பரம் வந்தது. பிறகு அந்த லைசென்ஸும் போயிற்று…

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். விக்கிபீடியாவைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒரு தாள் எழுதி வந்தேன், அதை மடித்துவிடுகிறேன். விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. விளம்பரம் வரப்போகிறதோ என்ற சந்தேகத்திலேயே 2002-இல் ஸ்பானிய மொழிக்காரர்கள் பிரிந்துபோய்த் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வாட்ஸாப் முதலில் சந்தா வாங்கியது தெரியுமா? முதல் வருஷம் சும்மா, பிறகு வருஷத்துக்கு ஒரு டாலர். 2016 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம், நிறையப் பேரிடம் பணம் கட்டக் கார்டே இல்லை என்பது. 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பார்க்கிற இடத்தில் விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் 2011-இல் மறுபடி சந்தாவுக்கு வந்து இந்தத் தடவை ஜெயித்தது. மாதம் இருபது கட்டுரை சும்மா படிக்கவிட்டு, அதற்கு மேல்தான் காசு. தினமும் வந்து பழகினவரிடம் கேட்டார்கள், வழிப்போக்கரிடம் கேட்கவில்லை. என்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் வழிப்போக்கர்கள், நான் என்ன செய்ய?

ஒரு நிமிஷம், இதைச் சொல்லிவிடுகிறேன். காலை 5.40 கடையம் வழி தென்காசி பஸ்ஸை முந்தாநாளிலிருந்து 5.25-க்கே எடுக்கிறார்கள். என் பக்கத்தில் இன்னும் மாற்றவில்லை, வீட்டுக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். நாளைக் காலையில் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.