ஊட்டிக்கு கார்ல போனா இ-பாஸ், பஸ்ல போனா ஒண்ணும் வேணாம்! ஏன் தெரியுமா?

ஊட்டி மலை அடிவாரத்துல கல்லாறு செக்போஸ்ட். உங்க காரை ஓரங்கட்ட சொல்லி இ-பாஸ் கியூஆர் கோடை காட்டுங்கன்னு கேக்குறாங்க, டிக்கில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் இருக்கான்னு வேற பாக்குறாங்க. பின்னாடியே அம்பது பேரை அடைச்சுக்கிட்டு ஒரு கவர்மெண்ட் பஸ் வருது, அதுகிட்ட பாஸை பத்தி யாரும் மூச்சு விடல. என்னடா ஓரவஞ்சனைன்னு தோணுதுல்ல? வணக்கம் மக்களே, இன்னைக்கு மேட்டரே அதான்.

கதையை சீக்கிரம் முடிச்சுடுறேன். மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். அப்போ யார் அப்ளை பண்ணாலும் கிடைச்சுது. 2025 சீசன்ல தான் லிமிட் போட்டாங்க, நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000, கொடைக்கானலுக்கு 4000, 6000. கூட்டம் அள்ளுற அன்னைக்கு தான் கோட்டாவும் ஜாஸ்தி, இந்த லாஜிக் புரிஞ்சவங்க எனக்கும் சொல்லுங்க. நீலகிரி லோக்கல் நம்பரான டிஎன் 43 வண்டிக்கும் கவர்மெண்ட் பஸ்ஸுக்கும் விலக்கு.

இப்போ நம்ம கணக்குக்கு வாங்க. 6000 கார், காருக்கு நாலு பேர்னு வைங்க, 24,000 பேர். இதே கூட்டம் பஸ்ல போனா? 480 பஸ் போதும்! ஆளு ஒருத்தர் கூட குறையல, வியாபாரம் போகல, ஆனா ரோட்டுல 5520 வண்டி இல்ல, அந்த புகை இல்ல, கொண்டை ஊசி வளைவுல ஃபர்ஸ்ட் கியர்ல நின்னு கிளட்ச் கருகுற அந்த நாத்தமும் இல்ல. 2025 ஏப்ரல்ல இ-பாஸ் வேணாம்னு வியாபாரிங்க கடையடைச்சாங்க, அவங்க கோவம் நியாயம் தான், சீசன் ரெண்டு மாசத்தை நம்பி தான் வருஷம் முழுக்க ஓட்டணும். அதனால தான் சொல்றேன், லிமிட்டை ஆள் மேல வைக்காம கார் மேல வைச்சது எனக்கு ஓகே, ஆனா மேட்டுப்பாளையத்துல காரை போட பெரிய பார்க்கிங்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸும் விடாம வெறும் பாஸ் மட்டும் வச்சா அது பாதி வேலை தான்.

ட்ரெயினை விட்டுட்டேனேன்னு திட்டாதீங்க, எனக்கு உயிரு அது. மேட்டுப்பாளையத்துல இருந்து கிளம்பி 1908ல ஊட்டியை தொட்ட மலை ரயில் லைன், 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. கல்லாறு தாண்டி குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா கம்பி ஓடும், இன்ஜின் சக்கரம் அதை கடிச்சுக்கிட்டு தான் ஏறும், அதுவும் இன்ஜின் பின்னாடி நின்னு பெட்டியை முன்னாடி தள்ளும்! அஞ்சு மணி நேரம் ஆகும், ஆகட்டுமே. டிக்கெட் கிடைக்கிறது தான் குதிரைக்கொம்பு.

மசினகுடி பக்கம் யானை வழித்தடத்துல ரிசார்ட் கட்டுனதை பத்தி 2020ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புக்கு தனி வீடியோவே போடணும், லைக் பாத்துட்டு போடுறேன். டிஎன் 43 மக்கள் யாராச்சும் இருந்தா கமெண்ட்ல வாங்க, மே மாச ஞாயித்துக்கிழமை உங்க வண்டியை தெருவுல இருந்து வெளிய எடுக்க முடியுதா?