ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடி கல்வெட்டு முன்னால் ஒரு பேச்சு

வணக்கம் நண்பர்களே. நான் இப்போது காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிறதே, அதுதான் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக பைக்கில் வந்தேன். வீராணம் ஏரி பக்கத்தில்தான். ஏரியைப் பற்றி இன்னொரு நாள் தனியாகப் பேசுவோம். இன்றைக்கு ஒரு கொலையைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கொலை. செத்தவன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். சுந்தர சோழரின் மூத்த மகன். பின்னாளில் ராஜராஜனாக ஆன அருண்மொழிக்கு அண்ணன். வீரபாண்டியனைப் போரில் வென்று தலையை எடுத்தவன். "வீரபாண்டியன் தலைகொண்ட" என்றுதான் அவன் கல்வெட்டுகள் அவனைச் சொல்லும். அடுத்து பட்டத்துக்கு வரவேண்டியவன், 970ஐ ஒட்டிக் கொல்லப்பட்டான். அவன் தம்பி உடனே பட்டத்துக்கு வரவில்லை. சித்தப்பா முறையான உத்தம சோழர்தான் வந்தார். அவர் 985 வரை ஆண்டார். அதற்குப் பிறகுதான் ராஜராஜன்.

நம்ம டெல்டாவில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். ஒருத்தர் பாண்டியன் ஆட்கள் செய்த வேலை என்பார். ஒருத்தர் உத்தம சோழர் என்பார். இப்போது புதிதாக ஒரு கூட்டம் ராஜராஜனும் அவர் அக்கா குந்தவையும்தான் என்கிறது. 'பொன்னியின் செல்வன்' நாவல் படித்தவர்கள் ஒரு மாதிரி, படம் மட்டும் பார்த்தவர்கள் வேறு மாதிரி. இதே ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, கொன்னவன் பேரு கல்லுல இருக்கு. கொல்லச் சொன்னவன் பேரு எங்க இருக்கு?" இந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டுதான் நான் பேசப் போகிறேன்.

முதலில் கல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். உள்ளே கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அது நியாயம்தான். கல்வெட்டின் பாடம் என் கையில் இருக்கிறது. இது ஒரு அரசாணை, அந்தக் காலத்து வார்த்தையில் ஸ்ரீமுகம். வடகரை பிரமதேயம் ஸ்ரீ வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ராஜா அனுப்பியது. பிரமதேயம் என்றால் பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்தச் சதுர்வேதிமங்கலம்தான் இந்த ஊர். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழரின் பட்டப்பெயர், ஏரிக்கும் அதே பெயர்தான்.

ஆணை இப்படிப் போகிறது: "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" என்று ஆரம்பித்து, பெயர் சொல்கிறது. சோமன். அவன் தம்பி ரவிதாசன் என்கிற பஞ்சவன் பிரமாதிராஜன். அவன் தம்பி பரமேஸ்வரன் என்கிற இருமுடிசோழ பிரமாதிராஜன். அப்புறம் இவர்களோடு பிறந்த மலையனூரான். அதோடு நிற்கவில்லை. இவர்கள் தம்பிமார், பிள்ளைகள், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், இவர்களோடு பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், இவர்கள் பெண்களைக் கட்டியவர்கள். அத்தனை பேர் சொத்தையும் விற்றுப் பணத்தை அரசுக்குக் கட்டு என்கிறது. மேற்பார்வைக்கு இரண்டு பேரையும் ராஜா அனுப்புகிறார். ஒருவர் கொட்டையூர்க்காரர், பிரம்மஸ்ரீராஜன். இன்னொருவர் புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டன். கொட்டையூர் கும்பகோணத்தை ஒட்டி இருக்கிறது, புள்ளமங்கலம் பசுபதிகோயில் பக்கம். இரண்டு ஊர்ப் பெயரையும் நாம் இன்றைக்கும் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது சொல்கிறோம் அல்லது அந்த வழியாகப் போகிறோம்.

ஒரு நிமிடம், இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கல்வெட்டில் ராஜராஜன் என்ற பெயரே இல்லை. "ராஜகேசரிவர்மர்க்கு யாண்டு 2" என்று மட்டும் இருக்கிறது. சோழ ராஜாக்கள் ஒருவர் விட்டு ஒருவர் ராஜகேசரி, பரகேசரி என்று பட்டம் வைத்துக்கொள்வார்கள். சுந்தர சோழரும் ராஜகேசரிதான். அப்படியென்றால் இது அவர் ஆணையாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். இருக்க முடியாது. அவருடைய இரண்டாம் வருடம் என்றால் 958, 959 வாக்கில் வரும். ஆதித்தன் அதற்கப்புறமும் உயிரோடு இருந்து கல்வெட்டுகள் வெளியிட்டிருக்கிறான். உத்தம சோழர் பரகேசரி. ஆக மிஞ்சுவது ராஜராஜன்தான். அவர் பட்டத்துக்கு வந்தது 985, இரண்டாம் வருடம் என்றால் 986, 987.

சதிக் கதைகள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. கொலை நடந்து பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் சொத்து பறிமுதல் ஆகிறது. நடுவில் ஆண்டவர் உத்தம சோழர். "அவர் ஏன் பிடிக்கவில்லை? அவரே செய்யச் சொன்னதால்தானே?" என்று கேட்கிறார்கள்.

இது ஏதோ டீக்கடைக் கேள்வி என்று தள்ள முடியாது. சோழர் வரலாறு எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரே உத்தம சோழரைச் சந்தேகப்பட்டவர்தான். அதற்கு மறுபக்கத்தில் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். உத்தம சோழருக்கு இதில் பங்கு இல்லை என்று வாதாடினார். இரண்டு பேருமே பெரிய படிப்பாளிகள். இரண்டு பேர் கையிலும் இருந்தது இதே கல்வெட்டும், ராஜராஜனின் மகன் ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடும்தான்.

அந்தச் செப்பேட்டுக்கு வருவோம். 1018 வாக்கில் எழுதியது. ஆதித்தன் பாண்டியன் தலையைத் தன் நகரத்தில் வெற்றித்தூணாக வைத்துவிட்டு, சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையில் மறைந்துபோனான் என்கிறது. கொலை என்ற சொல்லே அதில் கிடையாது. அப்புறம், குடிமக்கள் அருண்மொழியை ராஜாவாகச் சொல்லிக் கெஞ்சினார்கள், அவன் தன் சித்தப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை மனதாலும் அதை நினைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டான் என்கிறது. சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த "ஆசை" என்ற இடம் போதும். ஆனால் அடுத்த சுலோகத்தையும் படிக்க வேண்டும். உத்தம சோழரே அருண்மொழிக்கு இளவரசுப் பட்டம் கட்டினார் என்று அதில் இருக்கிறது. தன் சொந்த மகனை விட்டுவிட்டு! உத்தம சோழருக்கு மகன் இருந்தான், கண்டராதித்தன் என்று பெயர். அவன் பின்னால் ராஜராஜன் ஆட்சியில் கோயில் கணக்குகளை விசாரிக்கும் பெரிய அதிகாரியாக இருந்தான், கல்வெட்டுகளில் பெயர் இருக்கிறது. அண்ணனைக் கொன்றவரின் மகன் என்று நினைத்திருந்தால் ராஜராஜன் அவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருப்பாரா?

இன்னொன்று. உத்தம சோழரின் இயற்பெயர் மதுராந்தகன். ராஜேந்திர சோழனுக்கு வைத்த பெயரும் மதுராந்தகன். உத்தம சோழரின் அம்மா செம்பியன் மாதேவி, மகன் காலத்திலும் ராஜராஜன் காலத்திலும் அதே மரியாதையோடு காவிரிக்கரையில் கோயில் கோயிலாகக் கற்றளி, அதாவது கல்லால் ஆன கோயில், எடுத்துக்கொண்டு இருந்தார். கோனேரிராஜபுரத்துக்கோ ஆடுதுறைக்கோ போனவர்களுக்குத் தெரியும். பகையாளி வீட்டோடு நடந்துகொள்கிற முறை எனக்கு இதில் எங்கேயும் தெரியவில்லை.

அதற்காக உத்தம சோழர் சுத்தமானவர் என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. பதினைந்து வருடம் என்பது உண்மையிலேயே நெருடுகிறது. சகோதரர்களில் இரண்டு பேர் பிரமாதிராஜன் பட்டம் வாங்கியவர்கள். அது அரசு கொடுக்கிற உயர்ந்த பட்டம். சாதாரண ஆட்கள் இல்லை, அதிகாரத்துக்குள் இருந்தவர்கள். ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கல்வெட்டு சொல்வது சொத்து விற்பனையைப் பற்றி மட்டும். கொலையாளிகளை எப்போது பிடித்தார்கள், முன்னாலேயே தண்டித்தார்களா, அவர்கள் அப்போது உயிரோடுதான் இருந்தார்களா, ஒரு வார்த்தை கிடையாது. "பதினைந்து வருடம் யாரும் தொடவில்லை" என்பது நாம் போட்டுக்கொண்ட முடிச்சு.

பாண்டியன் பழிவாங்கல் என்ற கட்சிக்கு இருக்கும் ஒரே பிடிமானம் "பஞ்சவன்" என்ற பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன், அதனால் ரவிதாசன் பாண்டியனின் ஆள் என்கிறார்கள். காரணம் பொருத்தமாகத்தான் இருக்கிறது, தலையை இழந்தவனின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஆனால் பட்டீஸ்வரம் பக்கத்தில் பஞ்சவன் மாதேவீச்சரம் இருக்கிறது. ராஜராஜனின் ராணி பஞ்சவன் மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில். சோழ ராணிக்கே பஞ்சவன் பெயர் இருக்கும்போது சோழ அதிகாரிக்கு இருக்கக்கூடாதா? பாண்டியனை ஜெயித்த வீடு அந்தப் பெயரை எடுத்துத் தன் ஆட்களுக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கலாம். கூடப்பிறந்த தம்பி பரமேஸ்வரனின் பட்டத்திலோ சோழன் பெயரே இருக்கிறது. அதனால் பாண்டியன் வாதம் சாத்தியம், ஆனால் நிரூபணம் இல்லை.

நாவலில் வரும் கடம்பூர் மாளிகை, அங்கே நடந்த ராத்திரி, அதெல்லாம் கதை. எங்கே கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கதையாக ரசியுங்கள், சாட்சியாகக் கொண்டு வராதீர்கள்.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடம். ராஜராஜனும் குந்தவையும் சேர்ந்து அண்ணனைக் கொன்றார்கள் என்று தலைப்புப் போட்டு வீடியோ வீடியோவாக வருகிறது. ஆதாரம் என்ன என்று பார்த்தால், "லாபம் யாருக்கு?" என்ற ஒரே கேள்விதான். கொலை நடந்ததும் யாருக்கு லாபம் கிடைத்தது? அருண்மொழிக்கு இல்லையே. அவன் பதினைந்து வருடம் காத்திருந்தான். அந்தக் காலத்தில் பதினைந்து வருடம் கழித்து உயிரோடு இருப்போம் என்று எவன் கணக்குப் போட்டு அண்ணனைக் கொல்வான்? கொலையாளிகளைத் துரோகி என்று பெயர் சொல்லிக் கல்லில் வெட்ட வைத்ததும் அதே ராஜராஜன் ஆட்சிதான். மூடி மறைக்க நினைத்தவர் செய்கிற வேலையா அது? ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், திருவாலங்காட்டுச் செப்பேடு ராஜராஜனின் மகன் எழுத வைத்தது. அப்பாவைப் புகழத்தான் செய்யும். அதனால் அருண்மொழியின் பெருந்தன்மையைச் சொல்லும் வரிகளை அப்படியே முழுசாக நம்பவேண்டியதில்லை. ஆனால் புகழ்ச்சியில் சந்தேகப்படுவது வேறு, கொலைகாரன் என்று சொல்வது வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புத்திருமேனி எடுத்து வைத்த பெண் குந்தவை. திருப்பிப் பேச ஆள் இல்லை என்பதற்காக அவர் மேல் கொலைப்பழி போடலாமா?

கடைசியாக, இதைச் சாதிச் சண்டையாக ஆக்குகிறவர்கள். கொன்றவர்கள் பிராமணர்கள், அதனால் அந்தச் சாதியே செய்த சதி என்று ஒரு பக்கம். பிராமணர்கள் என்பதால் தலையை எடுக்காமல் சொத்தை மட்டும் எடுத்துவிட்டு விட்டார்கள் என்று அதையே திருப்பி ஒரு பக்கம். கல்வெட்டைத் திரும்பப் படியுங்கள். கொலையாளிகள் பிராமணர்கள்தான், மறுக்கவில்லை. சொத்தை விற்கச் சொல்லி ஆணை வந்தது யாருக்கு? பிரமதேயத்துச் சபைக்கு, அவர்களும் பிராமணர்கள். மேற்பார்வை பார்த்த பிரம்மஸ்ரீராஜனும் சந்திரசேகர பட்டனும்? அவர்களும்தான். மூன்று தரப்பும் ஒரே சாதியாக இருக்கும்போது சாதியை வைத்து யார் சதிகாரன் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? உயிர்த்தண்டனை கொடுத்தார்களா இல்லையா என்பதும் அந்தக் கல்லில் கிடையாது. இல்லாததை வைத்து இரண்டு பக்கமும் கட்சி கட்டுகிறது.

சரி, என் கருத்து என்ன என்று கேட்பீர்கள். கொன்றது அந்தச் சகோதரர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரண்மனை அதிகாரத்துக்குள் இருந்தவர்கள் செய்த கொலை. பின்னால் ஒரு பெரிய கை இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கை யாருடையது என்று சொல்ல இன்றைக்கு ஒரு எழுத்துகூட நம்மிடம் இல்லை. பெரியவரின் கேள்விக்கு என் பதில் அதுதான்: கொல்லச் சொன்னவன் பெயர் எங்கேயும் இல்லை, அப்படி ஒருவன் இருந்தானா என்பதே தெரியாது. நாளைக்கு ஒரு செப்பேடு கிடைத்து உத்தம சோழர் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன், வேறு யாரைச் சொன்னாலும் ஒப்புக்கொள்வேன்.

கிடைக்கவே கிடைக்காது என்றும் நினைக்காதீர்கள். தொல்லியல் துறை படி எடுத்து இன்னும் முழுசாக அச்சுக்கு வராத கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. படியே எடுக்காதவையும் நம்ம ஊர்ப் பக்கம் இருக்கும். திருப்பணி என்ற பெயரில் சுவரைப் பிரித்துக் கல்லை மாற்றி அடுக்கியதிலும், மணல் வீச்சு அடித்துச் சுத்தம் செய்ததிலும் எழுத்துகள் போயிருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி ஆரம்பிக்கிறார்கள் என்றால், சாரம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நடை போய் எல்லாச் சுவரையும், அடியில் குமுதம், ஜகதி என்கிற அடித்தளக் கல்வரிசைகள் வரை, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், எழுத்து தெளிவாகத் தெரியும். எழுத்து தெரியவேண்டும் என்று மாவோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள். எடுத்த படத்தை மாவட்டத் தொல்லியல் அலுவலகத்தில் காட்டுங்கள், எனக்கும் அனுப்புங்கள். வாசிக்கத் தெரிந்தவர்களிடம் நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.