ஒரே நாளில் பீங்கான் பல்: வைத்தியரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நடப்பது என்ன?

(திரையில், உள்ளங்கையில் ஓர் ஊதா நிறக் கட்டி.)

வணக்கம். திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். திரையில் நீங்கள் காணும் இந்த ஊதா நிறக் கட்டி விரல் நுனி அளவுதான் இருக்கிறது. அதன் அடியில் ஓர் உலோகக் காம்பு ஒட்டப்பட்டிருக்கிறது. காலையில் இப்படி இருக்கும் இந்தப் பொருள், மத்தியானத்துக்குள் ஒருவருடைய கடைவாய்ப் பல்லின் உறையாக மாறி அவருடைய வாய்க்குள் அமர்ந்துவிடும். ஊதா நிறப் பல்லோடா அவர் வீட்டுக்குப் போவார் என்று கேட்பீர்கள். விடை நடுப்பகுதியில் இருக்கிறது. தயவுசெய்து தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள், ஏனென்றால் இந்தக் காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

இது யாருக்குத் தேவைப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய சூத்தைக் குழிக்குச் சாதாரண அடைப்பே போதும். அதற்குப் பீங்கான் கேட்டு வைத்தியரை வற்புறுத்த வேண்டியதில்லை. குழி பெரிதாகிப் பல்லின் சுவர்கள் மெலிந்துவிட்டாலோ, பழைய அடைப்பைச் சுற்றி வெடிப்பு ஓடியிருந்தாலோ, வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் கடிக்கும் அழுத்தத்தில் பிளந்துவிடும் என்ற அச்சம் இருந்தாலோ, அந்தப் பல்லின் ஒரு பகுதியையாவது முழுத் தலையையாவது மூடிக் காக்க வேண்டியிருக்கிறது. நண்டுக் காலைக் கடைவாயில் வைத்து உடைப்பதை எங்கள் ஊரில் ஒரு திறமையாகவே கருதுகிறோம். அந்தத் திறமையின் விளைவாக வெடித்த பற்களும் இந்தக் கணக்கில் சேரும்.

வழக்கமான முறையில் வைத்தியரிடம் இரண்டு முறை போக வேண்டும். முதல் நாள் பல்லைச் செதுக்கி, பசைபோன்ற பொருளால் அச்சு எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். உறை தயாராகி வரும்வரை, ஒரு வாரமோ இரண்டு வாரமோ, தற்காலிக உறையோடு காலந்தள்ள வேண்டும். குச்சவெளியிலிருந்தோ தோப்பூரிலிருந்தோ நகரத்துக்கு பஸ் ஏறி வரும் கூலித் தொழிலாளிக்கு அந்த இரண்டாவது பயணம் இன்னொரு நாள் சம்பளத்தை விழுங்கிவிடுகிறது. இடையில் ஆசைப்பட்டு ஒரு துண்டு தொதலைக் கடித்தால், தற்காலிக உறையும் தொதலோடு சேர்ந்து கழன்று வந்துவிடும்.

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். ஒளியால் பல்லின் அச்சை எடுக்கலாம் என்று பிரான்சில் பிரான்சுவா துய்ரே 1973 ஆம் ஆண்டிலேயே தம் ஆய்வேட்டில் எழுதினார். சூரிச் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியர் வெர்னர் மோர்மனும் பொறியியலாளர் மார்கோ பிராண்டெஸ்தினியும் உருவாக்கிய செரெக் என்ற இயந்திரத்தைக் கொண்டு, 1985 செப்டெம்பர் 19 ஆம் திகதி, முதலாவது பீங்கான் துண்டு ஒரே அமர்வில் ஒரு நோயாளியின் பல்லில் பொருத்தப்பட்டது. அந்த முதல் இயந்திரத்தில் வைரத்துகள் பதித்த சக்கரத்தைச் சுழற்றியது நீர்விசைச் சுழலி. அதைவிட வியப்பானது, கடிக்கும் மேற்பரப்பைச் செதுக்க அதற்குத் தெரியாது என்பதே. குழிக்குள் பொருந்தும் பகுதியை இயந்திரம் வெட்டிக் கொடுக்க, மேலேயுள்ள மேடுபள்ளங்களை வைத்தியர் நோயாளியின் வாய்க்குள் வைத்தே கையால் செதுக்கினார்.

இன்று வைத்தியர் சூத்தையையும் பலவீனமான பகுதியையும் நீக்கிய பின், தடித்த பேனா போன்ற ஒரு கமராவைப் பற்களின் மேல் மெதுவாக நகர்த்துகிறார். செதுக்கிய பல், பக்கத்துப் பற்கள், எதிர்த் தாடை, வாயை மூடும்போது இரண்டும் சந்திக்கும் விதம் ஆகிய எல்லாம் சில நிமிடங்களில் திரையில் முப்பரிமாணமாக எழுகின்றன. கமரா பார்ப்பது ஒளியால் மட்டுமே என்பதால், பல்லின் விளிம்பை உமிழ்நீரோ இரத்தமோ மறைத்தால் அந்த இடத்தைக் கணினி ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் பின்னர் இடைவெளியாக உங்கள் பல்லில் நிற்கும். முரசு வீங்கி இரத்தம் கசிந்தால் அன்றைய வேலையைத் தள்ளிப்போடும் வைத்தியரைக் கோபிக்காதீர்கள். அவர் நல்லவர்.

அந்த முப்பரிமாண உருவத்தின் மேல் கணினியில் உறையின் வடிவத்தை வரைந்து முடித்ததும், அடுத்து வெட்டும் இயந்திரம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கட்டியை ஒரு கரம் பிடித்திருக்க, இரு பக்கங்களிலிருந்தும் வைரத்துகள் பதித்த ஊசிகள் நீர்ச் சாரலுக்கு நடுவே அதைத் தேய்த்துக்கொண்டே வருகின்றன. முதலில் பால்போன்ற நீர் மட்டுமே தெரியும். பத்து, பதினைந்து நிமிடங்களில் அந்த நீருக்குள்ளிருந்து ஒரு கடைவாய்ப் பல்லின் முகடுகள் வெளிப்படும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஊசியின் நுனி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு உள்ளதாகையால், அதைவிடக் கூரிய உள்மூலை எதையும் அதனால் வெட்ட முடியாது. ஆகவே வைத்தியர் பல்லைச் செதுக்கும்போதே எல்லா மூலைகளையும் உருட்டிவிட வேண்டும். இயந்திரம் மனிதனுக்கு உழைக்கிறது என்கிறோம். இங்கே ஊசியின் அளவுக்கேற்ப மனிதன் தன் கையை மாற்றிக்கொள்கிறான்.

(திரையில், வெட்டி முடிந்த ஊதா நிற உறை ஒரு சிறிய உலைக்குள் செல்கிறது.)

இப்போது நான் காத்திருந்த பகுதிக்கு வந்துவிட்டோம். இந்த ஊதாக் கட்டி லிதியம் டைசிலிக்கேற்று என்ற கண்ணாடிப் பீங்கானின் அரைகுறை வடிவம். தொழிற்சாலையில் அதை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முழு வலிமையோடு அதை விற்றால், வெட்டும் ஊசிகள் விரைவில் தேய்ந்துபோகும், விளிம்புகளும் சிதறும். பாதி நிலையில் அதன் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அழுத்தம், சுமார் 130 மெகாபாஸ்கல். எனவே எளிதாக வெட்டுப்படுகிறது. வெட்டி முடிந்ததும், நிறச்சாயமும் மினுக்கும் பூசி, சுமார் 850 பாகை செல்சியசில் ஏறத்தாழ அரை மணி நேரம் உலையில் வைக்கிறார்கள். அந்த வெப்பத்தில் உள்ளேயிருந்த தட்டையான நுண்படிகங்கள் கரைந்து, அவற்றின் இடத்தில் நீண்ட ஊசிபோன்ற படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்தபடி வளர்கின்றன. ஒரு வெடிப்பு ஓட முயன்றால், ஒவ்வொரு படிகத்தையும் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கும். அந்த அலைச்சலிலேயே அதன் விசை தீர்ந்துவிடும். வலிமை 360 மெகாபாஸ்கலைக் கடக்கிறது. கூடவே நிறமூட்டும் அயனிகளின் நிலையும் மாறுவதால், ஊதா மறைந்து பல்லின் மங்கலான மஞ்சள் கலந்த வெண்மை வருகிறது. உள்ளே போனது ஊதா, வெளியே வந்தது பல். இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

உலையில் இது சுருங்காதா என்று கேட்கும் கூர்மையான பார்வையாளர்களுக்கு: சுருங்கும், ஆனால் ஒரு வீதத்துக்கும் மிகக் குறைவாகவே. அந்தச் சிறு அளவை மென்பொருள் முன்கூட்டியே கணக்கில் எடுத்துவிடுகிறது. சுருக்கத்தில் உண்மையான மன்னன் சிர்கோனியா என்ற வேறொரு பீங்கான். அது சோக்கட்டி போல மென்மையான நிலையில் வெட்டப்பட்டு, 1500 பாகை அளவில் சுடப்படும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பதால், முதலில் அந்த அளவுக்குப் பெரிதாகவே வெட்டுகிறார்கள். முன்பு சிர்கோனியாவைச் சுடப் பல மணி நேரம் எடுத்தது. விரைவு உலைகள் வந்த பின்னரே அதுவும் ஒரே நாள் வேலையாயிற்று. எல்லாவற்றிலும் வலிமையானது அதுவே. ஒளியை உள்ளே விடும் அழகில் கண்ணாடிப் பீங்கானே எனக்கு ஒரு படி மேலாகத் தெரிகிறது.

இதுவரை கண்டது இயந்திரத்தின் வேகம். அந்த உறை எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது கடைசி இருபது நிமிடங்களில் வைத்தியர் செய்யும் ஒட்டும் வேலைதான், ஆனால் விளம்பரங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. கண்ணாடிப் பீங்கான் உறையின் உட்புறத்தை வாய்க்கு வெளியே வைத்து, ஐந்து வீத ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் இருபது வினாடி அரித்துக் கழுவி, அதன் மேல் சிலேன் என்ற இணைப்புத் திரவத்தைத் தடவுகிறார்கள். பல்லை வேறோர் அமிலத்தால் தயார் செய்து, இரண்டுக்கும் இடையில் பிசின் சீமெந்தை வைத்து, ஒளி பாய்ச்சி இறுக வைக்கிறார்கள். இத்தனைக்கும் இடையில் ஒரு துளி உமிழ்நீர் பட்டாலும் பிடிப்புக் கெட்டுவிடும். பல்லைச் சுற்றி இறப்பர் விரிப்பை மாட்டும்போது வாய் வலிக்கிறதென்று முகம் சுளிக்கிறோமே, அது இதற்காகத்தான். சிர்கோனியாவில் கண்ணாடி இல்லாததால் இந்த அமிலம் அதை அரிக்காது; அதற்கு மணல்போன்ற துகளை வீசி வேறு ஒட்டும் முறையைக் கையாள வேண்டும்.

நீடிக்குமா என்ற கேள்விக்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. சுவிற்சர்லாந்தில், நான் முன்பு சொன்ன அந்த முதல் தலைமுறை இயந்திரத்தால் செய்து பொருத்திய 200 துண்டுகளை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், அவை தப்பி நிற்கும் வாய்ப்பு 88.7 வீதமாக இருந்தது. மேற்பரப்பைச் செதுக்கத் தெரியாத இயந்திரத்துக்கே இந்தப் பெறுபேறு என்றால், குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் எல்லோருக்கும் இது பொருந்தாது. சிதைவு முரசுக்குக் கீழே ஆழமாகப் போயிருந்தால், கமராவும் எட்டாது, ஈரமில்லாமல் ஒட்டவும் முடியாது. சிரிக்கும்போது தெரியும் ஒற்றை முன்பல்லுக்கு, பக்கத்துப் பல்லைப் பார்த்துப் படை படையாக நிறம் ஏற்றும் ஆய்வுகூடக் கலைஞரின் கைக்காக இரண்டு வாரம் காத்திருப்பதே மேல் என்பது என் கருத்து. “ஒரே நாளில் புதுப் பல்” என்ற வாசகத்தைக் கண்டால், எக்ஸ்ரே எடுத்தீர்களா, என்ன பொருள் வைக்கிறீர்கள், அதை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். செதுக்கி எடுத்த மிளிரி, அதாவது பல்லின் கடினமான மேற்படை, திரும்ப வளராது.

இறுதியாக, வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. விறைப்பூசி போட்ட வாயால் கடி சரியாக இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. நாற்காலியில் நீங்கள் தலையாட்டியது வைத்தியருக்கு மரியாதை செய்வதற்காகத்தான். அடுத்த நாள் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு முட்டினால், பழகிவிடும் என்று பொறுத்திருக்காமல் திரும்பிப் போங்கள். உயர்ந்த இடத்தைத் தேய்த்து, தேய்த்த இடத்தைக் கட்டாயம் மினுக்கிவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் சொரசொரப்பான பீங்கான் எதிர்ப் பல்லை அராவிவிடும். அந்த ஒரு நாள் சிலருக்கு இப்படி இரண்டு நாளாகிறது, அதை யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். என்ன பொருளில் செய்த உறை என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.